பயத்தோடு மல்லுக்கட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவன் இல்லை. லிஃப்டில் ஏறப் பயந்து வருஷக்கணக்கில் ஏழு மாடி படியேறியவன். மேடை என்றால் முந்தின நாளே காய்ச்சல் வந்தவன். இரண்டிலிருந்தும் ஒருவழியாக வெளியே வந்தபின், மேடையில் பேசிப் பழகுகிறவர்களுக்காக ஒரு சின்னக் குழுவை நடத்துகிறேன். அங்கே வருகிறவர்கள் பேச்சைப் பற்றிக் கேட்பது குறைவு, பயத்தைப் பற்றிக் கேட்பதுதான் அதிகம். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

பயமே இல்லாத ஆளாக மாற முடியுமா?

முடியாது. மாறவும் வேண்டாம். மூளைக்குள் இரண்டு பக்கமும் பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்று ஒரு பகுதி உண்டு. ஆபத்து என்று மணியடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு. அரிய நோய் ஒன்றால் இரண்டு பக்க அமிக்டலாவும் அழிந்துபோன ஒரு பெண்ணை, எஸ்.எம். என்ற இரண்டெழுத்தால் மட்டும் குறிப்பிட்டு, ஆய்வாளர்கள் பல வருஷம் கவனித்தார்கள். பாம்பைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார் அவர். கேட்டால் பொறாமையாகத்தான் இருக்கும். ஆனால் அதே பெண் வாழ்க்கையில் கத்திமுனையிலும் துப்பாக்கிமுனையிலும் மாட்டியிருக்கிறார். விலக வேண்டிய இடத்தில் விலகு என்று சொல்ல உள்ளே ஆள் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. 2013-இல் வெளியான ஆய்வில், 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை அவருக்குச் சுவாசிக்கக் கொடுத்தார்கள். மூச்சு முட்டியதும் அவரே அரண்டுபோனார். அமிக்டலா இல்லாதவருக்கே பயம் வருகிறது என்றால் நாம் எம்மாத்திரம்?

பயந்தால் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. ஏதாவது ஆகிவிடுமோ?

வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் 1915-லேயே இதை விளக்கிவிட்டார். ஆபத்து என்று தோன்றியதும் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடித்துத் தசைகளுக்கு ரத்தத்தை அனுப்புகிறது, செரிமானம் நிறுத்தி வைக்கப்படுகிறது. வாய் உலர்வதும் வயிற்றைப் பிசைவதும் அதனால்தான். மேடையில் நிற்கும் உங்களுக்கு ஓடவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். கிளப்பிவிட்ட வண்டி நின்ற இடத்திலேயே உறுமுவது மாதிரி உடம்பு ஆடுகிறது, அவ்வளவுதான்.

திடீரென்று கிளம்பும் பீதி பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்க ஆரம்பிக்கும். ஆனால் நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் முதல்முறையாக வந்தால் பயம்தான் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். மருத்துவரிடம் காட்டி, இதயத்தில் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொண்டு அப்புறம் இந்தப் பக்கத்துக்கு வாருங்கள்.

பயம் கொஞ்சம் போகட்டும், அப்புறம் செய்கிறேன் என்றால் அதில் என்ன தப்பு?

ஒரே ஒரு பதிலைப் படிக்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

லிஃப்ட் முன்னால் நிற்பேன். பொத்தானுக்கு ஒரு சாண் தூரத்தில் விரல் நிற்கும். உள்ளங்கை ஈரமாகும். "இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்" என்று படிக்கட்டுப் பக்கம் திரும்புவேன். திரும்பிய அந்த நொடி இருக்கிறதே, அது சுகம். தோள் இறங்கும், மூச்சு சீராகும், ஏழு மாடி ஏறுவதுகூட இனிக்கும். இத்தனை வருஷம் என்னைப் பிடித்து வைத்திருந்தது லிஃப்ட் இல்லை, அந்தச் சுகம். ஒவ்வொரு முறை விலகும்போதும் மூளை, "நல்லவேளை, தப்பித்தோம்" என்று குறித்துக்கொள்கிறது. தப்பிக்கும்படி அங்கே ஏதாவது இருந்ததா என்று பார்க்க அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அடுத்த நாள் பயம் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்து நிற்கும்.

அதனால் பயம் போனபின் செய்வது என்ற வரிசையே தலைகீழ். செய்யச் செய்யத்தான் அது போகும், அதுவும் முழுசாக இல்லை, நம் காலைப் பிடித்து நிறுத்தாத அளவுக்கு. காத்திருந்து பயம் போனவர் என்று ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

கீழே இருக்கும் படிகளில் ஒன்றிலிருந்து. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், பீட்டர் என்று குறிப்பிடப்பட்ட ஒரு சிறுவனுக்கு முயலின் மேல் இருந்த பயத்தைப் போக்கினார். அவனுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலைக் கூண்டோடு தூரத்தில் வைப்பார்கள். அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். கடைசியில் அவன் முயலை மடியில் வைத்துக் கொஞ்சினான். நூறு வருஷமாகியும் அடிப்படை இதுதான்.

பின்னால் ஜோசஃப் வோல்பே என்ற மனநல மருத்துவர் பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். நீங்களும் ஒரு தாளில் எழுதுங்கள். மேடைப் பயம் என்றால், கண்ணாடி முன்னால் பேசுவது 15, ஃபோனில் பதிவு செய்து நாமே கேட்பது 30, ஒரு நண்பர் முன்னால் பேசுவது 40, ஐந்து பேர் முன்னால் 60, தெரியாத கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்பது 70, மைக் முன்னால் பத்து நிமிடம் பேசுவது 95. எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு நண்பர் முன்னால் பேசுவதுதான் 90. 30, 40 என்று இருக்கும் படியிலிருந்து தொடங்குங்கள். 15-இல் தொடங்கினால் போரடித்துப்போய் விட்டுவிடுவீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

படிப்படியாக எல்லாம் யாருக்குப் பொறுமை? ஒரேயடியாகக் குதித்துவிட்டால் என்ன?

சிலருக்கு அதுவும் பலித்திருக்கிறது. லார்ஸ்-யோரான் ஊஸ்ட் என்ற ஸ்வீடன் உளவியலாளர் 1989-இல் விவரித்த முறையில், சிலந்தி, பாம்பு போன்ற குறிப்பிட்ட பயங்களுக்கு ஒரே அமர்வு, அதிகபட்சம் 3 மணி நேரம்தான். ஆனால் அந்த மூன்று மணி நேரத்துக்குள்ளும் படிகள் உண்டு. பக்கத்தில் பயிற்சி பெற்றவர் இருப்பார். பயப்படுபவரின் சம்மதம் இல்லாமல் அடுத்த படிக்குப் போக மாட்டார்.

நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன் என்று பிள்ளையைத் தண்ணீரில் தூக்கிப் போடுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றில்லை. தூக்கிப் போடப்பட்டவர் கற்றுக்கொள்வது நீச்சலை இல்லை, தூக்கிப் போட்டவரை நம்பக் கூடாது என்பதை.

ஒரு படியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?

பயம் பாதியாகக் குறையும்வரை நில்லுங்கள் என்று ஒரு காலத்தில் சொல்லுவார்கள். இப்போது பல நிபுணர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். நீங்கள் பயந்த காரியம் நடக்கிறதா இல்லையா என்று தெரிகிறவரை நில்லுங்கள், அந்த நிமிடம் பயம் குறைந்தே ஆக வேண்டும் என்பதில்லை. எனக்கு இரண்டாவது முறைதான் ஒத்துவந்தது. "குறைந்ததா, குறைந்ததா" என்று அளந்துகொண்டே இருந்தால் குறைந்து தொலைக்காது.

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். போவதற்கு முன் இடது பக்கத்தில் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை எழுதுங்கள். "பயமாக இருக்கும்" என்று எழுதினால் பிரயோஜனமில்லை. "மூன்றாவது வரியில் மறந்துவிடும், சிரிப்பார்கள்" என்று சோதித்துப் பார்க்கிற மாதிரி எழுத வேண்டும். வந்தபின் வலது பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள். என் பழைய நோட்டில் ஒரு பக்கம் இன்னும் இருக்கிறது. இடது பக்கம்: "லிஃப்ட் நடுவில் நின்றுவிடும், காற்று தீர்ந்துவிடும்." வலது பக்கம்: "மூன்றாவது மாடியில் ஒருவர் ஏறினார். நேரம் கேட்டார்."

நானும் விடாமல் செய்துகொண்டுதான் இருக்கிறேன். பயம் இறங்கவே மாட்டேன் என்கிறதே?

கையில் என்ன ஊன்றுகோல் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். இரண்டு மாதம் தினமும் லிஃப்டில் போயும் எனக்குப் பயம் அப்படியே இருந்தது. ஒரு நாள்தான் கவனித்தேன், ஏறும்போதெல்லாம் கையில் ஃபோன், அதில் அவசர எண் தயாராக, கட்டைவிரல் அதன் மேலேயே. பத்திரமாக இறங்கிய ஒவ்வொரு முறையும் மூளை பாராட்டியது ஃபோனை, லிஃப்டை இல்லை. ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு ஏறிய முதல் நாள், மறுபடி முதல் நாள் மாதிரியே இருந்தது. பத்து நாளில் இறங்கிவிட்டது.

மேடைக்காரர்களிடம் இருக்கும் ஊன்றுகோல்கள் வேறு. ஒரு வரி விடாமல் எழுதிவைத்து வாசிப்பது, யார் முகத்தையும் பார்க்காமல் கடைசிச் சுவரைப் பார்ப்பது, வேகவேகமாகப் பேசி முடித்துவிடுவது. இன்னொன்று, ஒரு வாய் மது. இது ஊன்றுகோல் மட்டுமில்லை, தனியாகவே ஒரு குழி. எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்க வேண்டாம், ஒன்றொன்றாகக் கீழே வையுங்கள். முன்னால் சொன்ன தாளில் அவையும் தனித்தனிப் படிகள்தான்.

கை நடுங்குவதை எல்லோரும் பார்ப்பார்களே, மானம் போய்விடுமே?

2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவருக்கு, போட்டுக்கொள்ளவே கூச்சப்படும்படி ஒரு பாடகர் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். இப்படிப் போய்வந்தவர்களிடம் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டால், ஏறக்குறைய பாதிப்பேர் என்றார்கள். உண்மையில் கவனித்தது சுமார் கால்வாசிப்பேர்தான். நம் மேல் விழுவதாக நாம் நினைக்கும் வெளிச்சத்தில் பாதி, நாமே அடித்துக்கொள்வது.

ஆனால் "யாரும் பார்க்கவே மாட்டார்கள்" என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கால்வாசிப்பேர் பார்த்தார்களே! எங்கள் குழுவில் ஒரு அக்கா முதல்முறை பேச வந்தபோது, கையிலிருந்த தாளின் சலசலப்பு மைக்கில் கேட்டது. கடைசி வரிசை வரை கேட்டது. அவர் நிறுத்தினார். தாளை மேஜையில் வைத்தார், இரண்டு உள்ளங்கைகளையும் அதன் மேல் பரப்பி வைத்துக்கொண்டு, "கை ஆடுது, அது பாட்டுக்கு ஆடட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். இடது பக்கத்தில் அவர் எழுதியிருந்ததும் "சிரிப்பார்கள்" என்பதுதான். அது நடந்தது. நடந்தும் ஒன்றும் ஆகவில்லை.

"அமைதியாக இரு, அமைதியாக இரு" என்று சொல்லிக்கொண்டால் உதவுமா?

எனக்கு உதவவில்லை. அப்படிச் சொல்லச் சொல்ல, அமைதியாக இல்லை என்பதுதான் உறுதியாகும். ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கும் பேசுவதற்கும் முன் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள், "அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். யோசித்தால் நியாயம்தான். படபடப்பு உற்சாகத்துக்கும் வரும், பயத்துக்கும் வரும். ஓடுகிற குதிரையை நிறுத்துவதைவிட வேறு பக்கம் திருப்பிவிடுவது சுலபம்.

நிதானமாக மூச்சை வெளியே விடுவது நல்லதுதான். செய்யுங்கள். ஆனால் மூச்சுப் பயிற்சி செய்தால்தான் மேடையேறுவேன் என்ற நிலை வந்தால், அதுவும் ஊன்றுகோல் வரிசையில் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் மயக்கமே வந்துவிடுகிறது. இதற்கும் இதே வழிதானா?

படிகள் அதேதான், ஆனால் ஒன்று கூடுதலாக வேண்டும். மற்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும், அதனால் மயக்கம் அபூர்வம். இந்த ஒன்றில் மட்டும் பலருக்கு ஏறிவிட்டுச் சடாரென்று இறங்கும், ஆள் சாய்ந்துவிடுவார். ஆகவே இங்கே உடம்பைத் தளர்த்தக் கூடாது, இறுக்க வேண்டும். மேலே சொன்ன ஊஸ்ட் உருவாக்கிய பயிற்சி இது: கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 வினாடி இறுக்கிப் பிடியுங்கள், முகத்தில் சூடு ஏறுவது தெரியும். 20 முதல் 30 வினாடி விடுங்கள். ஐந்து முறை. ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். போடுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் படுக்கவைத்தே போடுவார்.

என் பயம் நியாயமானதுதானே? வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் என்றால் யாருக்குத்தான் பயம் வராது?

நியாயமான பயம்தான். லிஃப்டையும் இதையும் ஒரே தராசில் போடாதீர்கள். அங்கே ஆபத்து மிகக் குறைவு, பயம்தான் பெரிது. இங்கே நிஜமாகவே நஷ்டம் வரலாம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொன்னவர்கள் ஆழம் பார்க்காதே என்று சொல்லவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதும் நம் பழமொழிதான். எது பேய், எது இருட்டு என்று பிரிப்பதற்கு அதே நோட்டை எடுங்கள். "எல்லாம் போய்விடும்" என்பதை உடைத்து எழுதுங்கள்: எத்தனை மாதம் வருமானம் இல்லாமல் தாக்குப்பிடிப்பேன், எந்தத் தேதியில் நிறுத்துவேன், நிறுத்தினால் திரும்பிப் போக வழி உண்டா, என்னை நம்பி இருப்பவர்கள் யார். எழுதியபின் மிஞ்சுவது கணக்கு என்றால் கணக்கைச் சரிசெய்யுங்கள். கணக்கெல்லாம் சரியாக இருந்தும் கால் நகரவில்லை என்றால், அது லிஃப்ட் முன்னால் நின்ற விரல் மாதிரிதான்.

யாராவது கையோங்குகிற வீடு, மிரட்டுகிற மேலதிகாரி என்றால் பேச்சே வேறு. அங்கே பயம் சரியாகத்தான் மணியடிக்கிறது. பழகிக்கொள்வது தைரியமில்லை. துணையைத் தேடிக்கொண்டு வெளியேறுவதுதான் அங்கே தைரியம்.

என் பையன் இருட்டுக்குப் பயப்படுகிறான். "ஒன்றுமில்லை, நான் இருக்கிறேன்" என்று சொல்வது சரியா?

முதல் நாள் சரி. நூறாவது நாள், நீங்களே அவனுடைய ஊன்றுகோல். கிண்டல் செய்யாதீர்கள், அவனுக்குப் பதிலாக நீங்களே போய் விளக்கையும் போடாதீர்கள். கதவுவரை சேர்ந்து போங்கள், அடுத்த வாரம் கூடத்திலிருந்து குரல் மட்டும் கொடுங்கள். பீட்டரின் முயல் கதைதான், முயலுக்குப் பதில் இருட்டு.

போன பயம் ஆறு மாதம் கழித்துத் திரும்பிவிட்டது. பட்டதெல்லாம் வீண்தானா?

வீணில்லை. பாவ்லவ் என்ற ரஷ்ய உடலியல் அறிஞர் நாய்களை வைத்துச் செய்த சோதனைகளிலேயே இது தெரியவந்தது: அணைந்துவிட்டதாகத் தோன்றும் பழக்கம், கொஞ்ச காலம் கழித்துத் தானாகத் தலைகாட்டும். பழைய பாடம் அழிவதில்லை, அதன் மேல் புதுப் பாடம் எழுதப்படுகிறது. களைப்பிலோ, புது இடத்திலோ, வேறு கவலைக்கு நடுவிலோ பழைய எழுத்து எட்டிப்பார்க்கும்.

தாளை எடுத்து இரண்டு படி கீழே இறங்கித் தொடங்குங்கள். முதல்முறை மாதக்கணக்கில் ஆனது, இரண்டாம் முறை எனக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. படிகளை வேறு வேறு இடங்களில், வேறு வேறு ஆட்களோடு பழகியவர்களுக்கு இந்தத் திரும்பல் குறைவாக இருப்பதையும் பார்க்கிறேன். ஒரே லிஃப்டில் நூறு முறை போவதைவிடப் பத்து லிஃப்டில் பத்துப் பத்து முறை போவது மேல்.

அப்படியென்றால் இருக்கிற பயத்தையெல்லாம் எதிர்கொண்டே ஆக வேண்டுமா?

எதற்கு? எனக்குப் பாம்பென்றால் பயம். என் பிழைப்பில் பாம்புக்கு வேலை இல்லை, விட்டுவிட்டேன். விமானத்திலிருந்து குதித்துக் காட்டினால்தான் துணிச்சல் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. குதித்துவிட்டு வந்து, அப்பாவிடம் ஐந்து வருஷமாகப் பேசாத ஒரு பேச்சை ஆறாவது வருஷமும் பேசாமல் இருப்பவர்களைத் தெரியும்.

நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான். இந்தப் பயம் எதை மறைத்துக்கொண்டு நிற்கிறது? அதற்குப் பின்னால் நீங்கள் உண்மையிலேயே விரும்புகிற ஒன்று, ஒரு படிப்பு, ஓர் ஊர், ஒரு மனிதர், இருந்தால் அந்தப் பயத்தோடு மோதுங்கள். கில்லோவிச், மெட்வெக் என்ற இரு உளவியலாளர்கள் 1990-களில் இதை ஆராய்ந்தார்கள். சமீபத்திய வருத்தம் என்றால் செய்துவிட்ட காரியம்தான் உறுத்துகிறது. வாழ்க்கை முழுவதையும் திரும்பிப் பார்க்கச் சொன்னால், செய்யாமல் விட்டதுதான் அதிகம் உறுத்துகிறது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பயத்தால் வேலை, படிப்பு, தூக்கம், உறவு கெடுகிறது என்றால். ஆறு மாதத்துக்கு மேல் விடாமல் நீடிக்கிறது என்றால். வீட்டை விட்டு வெளியே வரவே முடியவில்லை என்றால். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே, அந்த மணிக்கே. விபத்து, வன்முறை போன்றவற்றுக்குப் பின் வந்த பயத்தை இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத் தனியாகக் கிளறாதீர்கள். அதற்குப் பயிற்சி பெற்றவர் கூட இருக்க வேண்டும். மனநல மருத்துவரிடம் போவதற்கே பயமாக இருக்கிறது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். முகவரியைத் தேடி எழுதிவைப்பது முதல் படி, ஃபோன் செய்து நேரம் கேட்பது இரண்டாவது.

இவ்வளவு சொல்கிறீர்களே, உங்களுக்கு இப்போது எதுவும் பயமில்லையா?

இருக்கிறது. ஆழமான தண்ணீர். தாளில் ஒன்பது படி போட்டு வைத்திருக்கிறேன். இப்போது நான்காவதில் நிற்கிறேன்: நெஞ்சளவு தண்ணீரில் முகத்தை முக்கிப் பத்து எண்ணுவது. போன வாரம் ஏழில் தலையைத் தூக்கிவிட்டேன். மூக்கைப் பிடித்திருந்த கையும் ஊன்றுகோல்தான் என்று பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த எட்டு வயதுப் பெண் சொன்னாள். அவள் சொன்ன வார்த்தை வேறு, "மாமா, கையை எடுங்க."